குறியும் நெறியும்

துப்பாக்கி என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் பெரியோர் பலருடைய நெற்றி சுருங்கும். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. செய்தித்தாளில் அச்சொல் இடம்பெறும் செய்திகள் பெரும்பாலும் துயரச் செய்திகளாகவே இருக்கின்றன. தமிழ்த்துறை மலரில் இலக்கியக் கட்டுரை வரைய வேண்டிய நாம், குறிபார்த்துச் சுடும் போட்டியைப் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் கூறியாக வேண்டும். தமிழ் கற்பிக்கும் பணியோடு, கல்லூரித் தேசிய மாணவர் படையின் பொறுப்பையும் பல்லாண்டுகள் நாம் சுமந்தோம். அந்தக் கலை நம் வாழ்வில் இருமுறை நம் பிழையை நமக்கே எடுத்துக் காட்டிற்று. ஒன்று மாணவப் பருவத்தில். மற்றொன்று ஆசிரியப் பருவத்தில். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறான பிழைகள். அவற்றை மறைக்காது எழுதினால் மாணவச் செல்வங்களுக்குப் பயன்படும் என்னும் நம்பிக்கையே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

அம்பெய்தல் நம் மார்க்கத்தில் ஊக்குவிக்கப்பட்ட பயிற்சி என்பதை ஆலிம் பெருமக்கள் நன்கறிவர். அம்பெய்யும் போட்டியில் ஈடுபட்டிருந்த அஸ்லம் குலத்தாரைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவர்களுக்கு ஊக்கமளித்த செய்தி புகாரீ நூலில் பதிவாகியுள்ளது. ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் இஸ்லாமிய வரலாற்றில் முதல் அம்பை எய்தவர் எனப் போற்றப்படுகிறார்கள். ஊக்கமளித்த அதே மார்க்கம் கட்டுப்பாட்டையும் விதித்தது. விளையாட்டாகவேனும் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டலாகாது. பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்பு கொண்டு செல்பவர் அதன் கூர்முனையைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்பவை ஹதீஸ்கள் தரும் அறிவுரைகள். இன்று எந்தச் சுடுகளத்திற்குச் சென்றாலும் முதல் நாளில் கற்பிக்கப்படும் முதற்பாடம் இதுவேயாகும். குண்டு இருப்பினும் இல்லாவிடினும் துப்பாக்கியின் குழல்வாயை எவர் பக்கமும் திருப்பலாகாது. சுடும் கணம் வரும்வரை விசையில் விரலை வைக்கலாகாது. இவ்விரண்டையும் கடைப்பிடிக்க இயலாதவருக்குச் சுடுகளத்தில் இடமில்லை.

இனி, அப்போட்டி எத்தகையது என்பதைச் சிறிது காண்போம். நம் நாட்டில் இவ்விளையாட்டை முறைப்படுத்தும் தேசியச் சங்கம் 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. மக்களவையின் முதல் சபாநாயகராகிய ஜி.வி.மாவலங்கர் அவர்களே அதன் முதல் தலைவர். இன்றும் அகில இந்திய அளவில் அவர் பெயரால் போட்டி நடைபெறுகிறது. இவ்விளையாட்டின் பல பிரிவுகளுள் மாணவர் எளிதில் தொடங்கத்தக்கது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியாகும். இதில் வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்றே ஈயக்குண்டைத் தள்ளுகிறது. குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் விட்டமோ வெறும் 0.5 மில்லிமீட்டர். ஒரு வளையத்திற்கும் அடுத்த வளையத்திற்கும் உள்ள இடைவெளி 2.5 மில்லிமீட்டர். நின்றுகொண்டு, எதிலும் சாயாமல், 75 நிமிடங்களுக்குள் 60 குண்டுகளைச் சுடவேண்டும். துப்பாக்கியின் முன்குறி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினும், 10 மீட்டர் தொலைவில் அப்பிசகு ஒரு மில்லிமீட்டருக்கு மேலாகப் பெருகிவிடும். இத்துணை நுண்மை உடைய கலையில் ஒரு குண்டு தவறும்போது, தவறியது கருவியா, கையா என்னும் வினா எழுவது இயல்பே. அவ்வினாவிற்கு நேர்மையாக விடை காண்பதுதான் இக்கலையின் உயிர் என்பதை உணர நமக்கு நெடுங்காலம் ஆயிற்று.

1987ஆம் ஆண்டு. நாம் பட்டப்படிப்பு மாணவராகத் தேசிய மாணவர் படையில் இருந்தோம். பயிற்சி முகாமில் 0.22 துப்பாக்கியால் 25 கெஜத் தொலைவில் படுத்த நிலையில் ஐந்து குண்டுகள் சுட வாய்ப்புக் கிடைத்தது. நாம் சுட்ட ஐந்தும் தாளின் ஐந்து மூலைகளுக்குச் சென்றன என்று கூறினால் அது மிகையாகாது. ஒன்று தாளையே தொடவில்லை. எழுந்து நின்று, “இந்தத் துப்பாக்கி சரியில்லை, ஐயா. குழல் தேய்ந்திருக்கிறது” என்றோம். குழலைப் பற்றி நமக்கு ஏதும் தெரியாது. தோழர்கள் முன் தலைகுனிய மனமின்றி எழுந்த சொல் அது. பயிற்சி தந்த ஹவில்தார் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. நாம் கிடந்த அதே பாயில் படுத்தார். அதே துப்பாக்கியை எடுத்தார். ஐந்து குண்டுகளைச் சுட்டார். தாளைக் கொணரச் செய்து நம் கையில் கொடுத்தார். அவருடைய ஐந்து துளைகளையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம். அவை நடுவில் இல்லை. சற்றே இடப்புறம் மேலே இருந்தன. “துப்பாக்கியின் குற்றம் இதுதான், இடப்பக்கம் கொஞ்சம் ஏறி அடிக்கிறது. மற்றதெல்லாம் உன்னுடையது” என்றார்.

அந்த ஒரு தொடரில் ஒரு பெரும்பாடம் அடங்கியிருந்தது. குண்டுகள் ஓரிடத்தில் கூடி, ஆனால் நடுவை விட்டு விலகி விழுமாயின் குறை குறிக்கருவியின் அமைப்பில் உள்ளது. அதனைத் திருகித் திருத்திவிடலாம். குண்டுகள் கூடாமல் சிதறி விழுமாயின் எந்தத் திருகும் உதவாது. முதலில் சுடுபவரின் உடலையும் மூச்சையும் விரலையும் ஆராய வேண்டும். இதனால்தான் தொடக்கநிலை மாணவருக்கு நடுப்புள்ளியைக் காட்டாமல், ஐந்து குண்டுகளையும் ஓரிடத்தில் கூட்டுமாறு பயிற்சி அளிக்கின்றனர். நடுவில் ஒன்றும் ஓரங்களில் நான்குமாகச் சுடுபவனைவிட, ஐந்தையும் ஓரத்திலேயே கூட்டிச் சுடுபவன் தேர்ந்தவன். அன்று நாம் கையின் குற்றத்தைக் கருவியின் மேல் ஏற்றினோம். அதுவே முதற்பிழை.

அந்த வெட்கம் நம்மை விட்டு நீங்கவேயில்லை. ஆசிரியரான பின்னர், “கருவியைக் குறை கூறாதே” என்பதை மாணவர்களுக்கு ஒரு கட்டளையாகவே விதித்தோம். சங்கத்திற்குரிய துப்பாக்கிகளின் திருகாணிகளை மாணவர் எவரும் தொடலாகாது என்றும் விதி செய்தோம். ஒரு பிழைக்கு அஞ்சி ஓடியவர் அதற்கு எதிரான பிழையின் மடியில் விழுவார் என்பதை அப்போது அறியோம்.

2015ஆம் ஆண்டில் ஒரு மாணவி பயிற்சிக்கு வந்தார். மெலிந்த, குட்டையான உருவம். ஆனால் அவரைப்போல் பொறுமை உடையவரை நாம் கண்டதில்லை. அவருடைய வாப்பா மிதிவண்டி பழுதுபார்க்கும் சிறுகடை வைத்திருந்தார். அக்காலத்தில் மகளிர்க்கு 40 குண்டுகளே விதிக்கப்பட்டிருந்தன. 60 ஆக உயர்ந்தது 2018இல்தான். நாற்பது குண்டுகளுக்குரிய 400 புள்ளிகளில் அம்மாணவி முதல் மூன்று திங்களில் 350ஐ எட்டினார். அதன் பின்னர் ஓராண்டாகியும் எண்ணிக்கை அங்கேயே நின்றுவிட்டது. பயிற்சி முடியுந்தோறும் கழுத்தைப் பிடித்துக்கொள்வார். “மனம் ஒருமைப்படவில்லை, அம்மா. கவனம் எங்கோ இருக்கிறது” என்று கூறுவோம். அவர் தலையசைப்பார். ஒரு நாளேனும் மறுத்துப் பேசியதில்லை. நம் சொல்லை அவர் நம்பினார்; தம் மனத்தில் ஏதோ குறை உண்டென்றே எண்ணத் தொடங்கினார். இன்று நினைப்பினும் நெஞ்சு சுடுகிறது.

ஒரு மாலை அவருடைய வாப்பா நம்மைத் தேடி வந்தார். “சார், துப்பாக்கி இவளுக்கு ஒத்து வரவில்லையோ என்று தோன்றுகிறது. வெளிநாட்டுத் துப்பாக்கி சில இலட்சம் ஆகுமாமே. இவளுடைய உம்மாவின் வளையல்கள் இருக்கின்றன. பாக்கிக்குக் கடன் கேட்டிருக்கிறேன். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வாங்கிவிடுவேன்” என்றார். கருவியைக் குறை கூறுவதா என்னும் பழைய கோபம் நமக்குள் எழுந்தது. ஆயினும் ஓர் ஏழைக் குடும்பத்தின் வளையல்கள் நம் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருப்பதை உணர்ந்தோம். “ஒரு வாரம் பொறுங்கள், பாய்” என்று கூறி, அனுபவம் மிக்க பயிற்சியாளர் ஒருவரிடம் தந்தையையும் மகளையும் அழைத்துச் சென்றோம்.

அப்பெரியவர் மாணவியைச் சுடச் சொல்லவில்லை. கண்களை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏந்துமாறு மட்டும் கூறினார். பின்னர்க் கண்களைத் திறக்கச் சொன்னார். பின்குறியின் துளை வழியே மாணவிக்கு எதுவும் தெரியவில்லை. கழுத்தை நீட்டித் தலையைச் சாய்த்த பிறகே தெரிந்தது. பெரியவர் நம்மை நோக்கி, “இந்தக் கட்டை யாருக்காக அமைத்தது?” என்று வினவினார். ஆறடி உயரமுள்ள ஒருவருக்காக எப்போதோ அமைத்தது அது. பிறகு யாரும் அதைத் தொடவில்லை. தொடலாகாது என்று விதித்தவர் நாமே. அவர் ஓர் ஆலன் சாவியை எடுத்தார். தோளில் பதியும் அடிக்கட்டையின் நீளத்தைக் குறைத்தார். கன்னம் படியும் கட்டையை உயர்த்தினார். கைப்பிடியைச் சற்று உள்ளே நகர்த்தினார். அரை மணி நேரம் ஆகியிருக்கலாம். மாணவி மீண்டும் கண்களை மூடி ஏந்தித் திறந்தார். தலை நிமிர்ந்தே இருந்தது. துளையின் நடுவில் முன்குறியும் அதன் நடுவில் கரும்பொட்டும் அமைந்திருந்தன.

அருகில் நின்ற தந்தை அப்போது சொன்ன சொல்லை நாம் மறக்க இயலாது. “ஆளுக்குத் தக்கபடி சீட்டை ஏற்றி இறக்காமல் நான் ஒரு சைக்கிளைக் கூடக் கடையை விட்டு வெளியே அனுப்புவதில்லை, சார்.” அவர் குற்றஞ்சாட்டிக் கூறவில்லை, வியந்தே கூறினார். நமக்கோ அது தீர்ப்பாக ஒலித்தது. அம்மாணவியிடம் அன்றே மன்னிப்புக் கோரினோம். ஆறு வாரங்களில் அவர் 370ஐக் கடந்தார். தேசிய அளவில் பதக்கம் ஏதும் பெறவில்லை. ஆனால் தம் மனத்தில் குறையில்லை என்பதைப் பெற்றார். உம்மாவின் வளையல்களும் வீட்டிலேயே இருந்தன. கருவியின் குற்றத்தைக் கையின் மேல் ஏற்றிய நம் இரண்டாம் பிழை இது.

இவ்விரு பிழைகளுக்கும் நடுவே உள்ள நேர்வழி யாது? கருவியைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்க்கு நாம் கூறக்கூடியது இவ்வளவே. முதலாண்டில் துப்பாக்கி வாங்க வேண்டா. சங்கத்தின் துப்பாக்கியையே உம் உடலுக்குத் தக்கவாறு அமைத்துத் தருமாறு பயிற்சியாளரிடம் கேளுங்கள். காற்றுத் துப்பாக்கி ஐந்தரைக் கிலோவுக்கு மேற்படலாகாது என்பது விதி; அந்த எடை முழுவதையும் சுமந்தாக வேண்டும் என்பது விதியன்று. தலையை நிமிர்த்திவைக்க இடந்தராத துப்பாக்கி எத்துணை விலையுயர்ந்ததாயினும் உமக்குரியதன்று. ஏனெனில் உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பு உட்காதில் உள்ளது. தலை சாய்ந்தால் உடலும் ஆடும். கண் பரிசோதனையை முதலிலேயே செய்துகொள்ளுங்கள். பணம் செலவிடுவதாயின் முதலில் அளவெடுத்துத் தைத்த கித்தான் சட்டைக்கும், அடிப்பாகம் தட்டையான காலணிக்கும் செலவிடுங்கள்; முதுகெலும்பைத் தாங்கி நிலைநிறுத்துவன அவையே. அடுத்துக் குண்டு. ஒரே நிறுவனத்தின் குண்டாயினும் ஒவ்வொரு தொகுதியும் ஒவ்வொரு குழலுடன் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். துப்பாக்கியை அசையாது பிணைத்து, தொகுதிக்குப் பத்துக் குண்டுகளாகச் சுட்டு, எது மிக நெருங்கிக் கூடுகிறதோ அதனைக் கொள்ளுங்கள். அங்கே மனிதக் கை இல்லையாதலால் கிடைப்பது கருவியின் உண்மையான சான்று. துப்பாக்கி இறுதியில் வரட்டும். 0.22 வகைக்கு அரசின் உரிமம் இன்றியமையாதது என்பதையும் மறவாதீர்கள்.

கருவி பொருந்திய பிறகு சாக்குக்கு இடமில்லை, எஞ்சுவது பயிற்சியே. நிற்கும் நிலையில் துப்பாக்கியைத் தாங்க வேண்டியது தசையன்று, எலும்பு. இடமுழங்கை இடுப்பெலும்பின் மேல் அமர வேண்டும். தசை களைத்தால் நடுங்கும், எலும்பு நடுங்காது. கண்ணை மூடித் திறக்கும்போது குறி இடமோ வலமோ விலகியிருந்தால் கையால் இழுத்துத் திருத்தாதீர்கள், பாதங்களை நகர்த்துங்கள். கையால் இழுத்த துப்பாக்கி குண்டு புறப்படும் கணத்தில் தன் பழைய இடத்திற்கே திரும்ப விரும்பும். மூச்சை வெளிவிட்டு, அடுத்த மூச்சு தொடங்குமுன் இயல்பாக நேரும் அமைதியில் சுடுங்கள். எட்டுப் பத்து நொடிகளுக்குள் குண்டு புறப்படவில்லையாயின் துப்பாக்கியை இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் கண் பழைய காட்சியையே பற்றிக்கொண்டு நம்மை ஏமாற்றும். இறக்கி வைக்கத் தெரிந்தவனே சுடத் தெரிந்தவன். ஸப்ர் என்று நாம் ஓதும் பொறுமைக்குச் சுடுகளத்தில் இதுவே பொருள். விசையை அழுத்திய பின்னரும் ஓரிரு நொடிகள் அசையாது குறியையே நோக்கி நில்லுங்கள்; ஏனெனில் விசை விடுபட்ட பின்னும் குண்டு சிறிது நேரம் குழலுக்குள்ளேயே இருக்கிறது.

செலவற்ற பயிற்சிகள் இரண்டு உண்டு. ஒன்று வெற்றுப் பயிற்சி. குழல் வெறுமையாக இருப்பதை இருமுறை உறுதிசெய்துகொண்டு, வெள்ளைச் சுவரை நோக்கி நாள்தோறும் இருபது நிமிடம் ஏந்தி, மூச்சடக்கி, விசையை மட்டும் இயக்குதல். பொட்டும் இல்லை, புள்ளியும் இல்லை; ஆகவே துப்பாக்கி எப்படி அசைகிறது என்பதைக் கண் உள்ளவாறே காணும். மற்றொன்று குறிப்பேடு. குண்டு புறப்பட்டதும் தாளைப் பார்க்குமுன், “இது எங்கே பட்டிருக்கும்” என்று எழுதிவிடுங்கள், பின்னர்ப் பாருங்கள். நீர் எழுதியதும் தாள் காட்டுவதும் ஒத்திருந்தால், தவறிய குண்டாயினும் கவலை வேண்டா. காரணத்தை நீர் அறிந்திருக்கிறீர். ஒத்திராவிட்டால் கருவியை ஆராயலாம். நம் இருபிழைக்கும் மருந்து இந்தப் பத்து ரூபாய்க் குறிப்பேட்டில் இருந்தது. இரவில் தன்னைத்தானே கணக்கெடுத்துக்கொள்ளும் வழக்கத்தை முஹாஸபா என்று நம் பெரியோர் போற்றினர். சுடுகளத்தின் குறிப்பேடும் அத்தகையதே.

உலக அரங்கிலும் இவ்வுண்மைக்குச் சான்று உண்டு. அமெரிக்க வீரர் மேத்யூ எம்மன்ஸ், 2004ஆம் ஆண்டு தம் நாட்டுத் தேர்வுப் போட்டிகளுக்கு முன்பு தம் துப்பாக்கி எவராலோ சிதைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். இரவல் துப்பாக்கியுடன் ஏதென்ஸ் சென்று 50 மீட்டர் படுத்த நிலைப் போட்டியில் தங்கம் வென்றார். அதே ஒலிம்பிக்கின் மும்முறை நிலைப் போட்டியில் கடைசிக் குண்டு வரை அவரே முன்னணியில் இருந்தார். கடைசிக் குண்டையும் நன்றாகவே சுட்டார். ஆனால் அடுத்தவருக்குரிய இலக்கில் சுட்டுவிட்டார். அக்குண்டுக்குப் புள்ளி ஏதும் இல்லை. எட்டாம் இடத்திற்கு இறங்கினார். துப்பாக்கி பழுதில்லை; கை பழுதில்லை; எந்த இலக்கு தன்னுடையது என்று ஒரு கணம் பாராமையே பழுது. செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்னும் நிய்யத்தின் பாடத்தை மதரஸாவில் பயின்ற நமக்கு இந்நிகழ்ச்சியின் ஆழம் எளிதில் விளங்கும்.

அதே ஏதென்ஸில் நம் நாட்டு அபினவ் பிந்த்ரா இறுதிச் சுற்றில் ஏழாம் இடமே பெற்றார். நான்காண்டுகள் கழித்து, 2008இல் பெய்ஜிங்கில், கடைசிக் குண்டுக்கு முன் பின்லாந்து வீரருடன் சமநிலையில் நின்று, அக்குண்டில் 10.8 புள்ளி பெற்று இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை ஈட்டினார். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் இலண்டனில் வெண்கலம் வென்றார். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். ஸ்வப்னில் குசாலே 2024இல் பாரிஸில் 50 மீட்டர் மும்முறை நிலையில் வெண்கலம் பெற்றார். இவர்களுள் எவரும் கருவியை அலட்சியம் செய்து வென்றவர் அல்லர். கருவியை நம்பி மட்டும் வென்றவரும் அல்லர்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் மிகச் சிலரே சுடுகளத்திற்குச் செல்வீர்கள். ஆயினும் தேர்வில், தொழிலில், இல்லறத்தில் ஏதேனும் ஒன்று தவறும் நாள் எல்லோர்க்கும் வரும். அன்று உடனே கருவியைப் பழிக்காதீர்கள். உடனே உங்களையும் பழித்துக்கொள்ளாதீர்கள். குண்டுகள் கூடியிருக்கின்றனவா, சிதறியிருக்கின்றனவா என்று தாளை எடுத்துப் பாருங்கள். ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம்: ஓராண்டாக ஒரே இடத்தில் நிற்கும் மாணவர் உங்கள் வகுப்பிலும் இருப்பார். அவர் மனத்தைக் குறை கூறுமுன், அவர் தோளில் நாம் ஏற்றிவைத்திருக்கும் கட்டை யாருக்காக அமைத்தது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம்.

அந்த ஆலன் சாவி இன்றும் நம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பெரியவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது. மாணவர் ஒருவரைக் கடிந்துகொள்ள நா எழும்போதெல்லாம் இழுப்பறையைத் திறந்து அதனை ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம். நேரிய குறியையும் அதற்குரிய நெறியையும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!